அண்ணி போட்ட வரம்பு

அந்த ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அங்கே அவள் அண்ணி முறையானது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அவன் அவளுடைய கொழுந்தன், கணவனின் தம்பி. வண்டிகளுக்கு வழி காட்டும் வரைபடச் செயலியை எழுதியவன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பழக்கதோஷத்தில் வாசலில் இருந்தபடி, "அண்ணி, என் சார்ஜரை எடுத்துட்டு வந்தீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டான். அத்தோடு போயிற்று அவளுடைய பெயர். அழைப்பெடுக்கும் பெண்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் அவள் அண்ணி. ஓய்வு பெறப் போகிற மேலாளருக்கும் அவள் அண்ணிதான்.

அங்கிருந்த சர்வரையும் அதன் இயங்குதளத்தையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வேலை அவளுக்கு நன்றாகத் தெரியும். நன்றாகத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். அடக்க ஒடுக்கமெல்லாம் அவளிடம் எதிர்பார்த்துப் பயனில்லை. பொதுமக்களின் அழைப்பை வாங்கும் செயலி, கொழுந்தனின் வரைபடம், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் பட்டியல், மேலாளருக்கு அறிக்கை தயாரிக்கும் செயலி எல்லாம் அந்த ஒரே சர்வரில் குடியிருந்தன. ஒரே குழாயில் நாலு குடித்தனம் தண்ணீர் பிடித்தால் என்ன நடக்குமோ, அதுதான் அங்கே நினைவகத்துக்கும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அது பெரிதாக வெடிக்கும்வரை யாரும் வாளியை நகர்த்தவில்லை.

வெடித்த கதையைச் சொல்வதற்கு முன் அந்த அறையின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். போன் வராத நேரத்தில், "என்ன, போனே காணோம்" என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த நொடி எல்லா லைனும் சேர்ந்து அலறும் என்று ஒரு நம்பிக்கை. புதிதாகச் சேருகிற பெண்ணுக்கு ஹெட்போனை எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுப்பதற்கு முன் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள் எல்லாரும் இதை அப்படியே நம்பினார்கள். நம்பாதவர்களும் வாயைத் திறக்கவில்லை. எதற்கு வம்பு?

ஒரு மதியம் அண்ணி ஏதோ கேபிளைத் தேடிக்கொண்டு கண்ணாடித் தடுப்பைத் தாண்டி அழைப்பெடுக்கும் பெண்களின் பக்கம் போனாள். எல்லாரும் ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். ஒருத்தி நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பெரியக்கா தேநீரை ஆற அமர உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்களில் அவள்தான் மூத்தவள். எதிர்முனையில் எவ்வளவு கத்தினாலும் தன் குரலை உயர்த்தாதவள். மற்ற நாட்களில் போன் விடாமல் அடிப்பதால், அவள் சூடு ஆறாத தேநீர் குடித்து அண்ணி பார்த்ததே இல்லை.

"ஏன் போன் அடிக்கல?" என்று கேட்டாள் அண்ணி.

எல்லாரும் திரும்பி முறைத்தார்கள்.

"அண்ணி, முதல்ல வாயைக் கழுவிட்டு வாங்க" என்றாள் பெரியக்கா.

"எவ்வளவு நேரமா அடிக்கல?"

"அதெல்லாம் நாங்க கவனிக்க மாட்டோம். கவனிச்சா வந்துடும்."

அண்ணி தன் செல்போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினாள். அவள் காதில் மணி போய்க்கொண்டே இருந்தது. அறையில் ஒரு விளக்கும் எரியவில்லை, ஒரு லைனும் கூப்பிடவில்லை. செல்போனை எல்லாருக்கும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தாள். பெரியக்காவின் கையில் இருந்த கோப்பை பாதி வழியில் நின்றுவிட்டது.

அழைப்பை வாங்கும் செயலி செத்துக் கிடந்தது. எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணி ஓடிப் போய் அதை எழுப்பினாள். எழுந்த மறுகணமே எல்லா லைனும் சேர்ந்து அலறின. நம்பிக்கை பலித்துவிட்டது என்று சொல்லக்கூட யாருக்கும் தெம்பு இல்லை.

சாயங்காலம் ஒருவர் நேரில் வந்தார். அம்மாவுக்கு நெஞ்சு வலி, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் சரக்கு வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனேன் என்றார். மேலாளர் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். வந்தவர் உட்காரவில்லை.

"பிழைச்சுட்டாங்க. சண்டை போடவும் வரல. நீங்கள்லாம் எப்படி இருப்பீங்கன்னு ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அண்ணியின் முகத்தையும் பார்த்தார். பிறகு போய்விட்டார். அண்ணிக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளைப் பயம் அசைக்காது, அவமானம் தூங்க விடாது.

அவள் தோண்டித் துருவியதில் காரணம் கிடைத்தது. நினைவகம் தீர்ந்துபோனால், மொத்த சர்வரும் உறைந்துபோகாமல் இருக்க இயங்குதளம் ஏதாவது ஒரு செயலியைக் கொன்று இடம் பிடிக்கும். வழக்கமாக, இருப்பதிலேயே அதிகம் தின்று கொழுத்ததைத்தான் கொல்லும். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் 'இதை மட்டும் தொடாதே' என்று ஒரு செயலியின் நெற்றியில் எழுதி ஒட்டவும் வழி உண்டு. அந்த அலுவலகத்தில் ஆளாளுக்குக் கமுக்கமாக அதைச் செய்து வைத்திருந்தார்கள். வரைபடத்தைத் தொடாதே, பட்டியலைத் தொடாதே, மேலாளரின் அறிக்கையைத் தொடாதே. அழைப்பை வாங்கும் செயலியை எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். அதற்காகப் பேச ஆள் இல்லை. கொஞ்சமாகத் தின்று, தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த அது ஒன்றுதான் கொல்லக் கிடைத்தது.

"நீயுமா தம்பி ஒட்டின?" என்றாள் கொழுந்தனிடம்.

"மத்தவங்க ஒட்டியிருந்தாங்க அண்ணி. நான் மட்டும் எப்படி ஒட்டாம இருக்கறது?"

அண்ணி முடிவெடுத்துவிட்டாள். எல்லாச் சீட்டையும் கிழிப்பது, ஒவ்வொரு செயலிக்கும் நினைவகத்தில் ஒரு வரம்பு போடுவது. வரம்பைத் தாண்டினால் அந்தச் செயலி மட்டும் விழும், விழுந்த கையோடு தானே எழுந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பதற்குத் தெரியக்கூடத் தெரியாது. வரம்புகளை எல்லாம் கூட்டினாலும் சர்வரில் மிச்சம் இருக்க வேண்டும். அழைப்பை வாங்கும் செயலிக்கு மட்டும் வரம்பு கிடையாது, அதை எந்தச் சந்தர்ப்பத்திலும் தொடக் கூடாது.

சொன்னதும் அலுவலகம் சந்தைக்கடை ஆயிற்று. அவளுடைய மேசைக்கு முன் ஒரு வாரம் கூட்டம் குறையவில்லை. பட்டியல் செயலிக்காரர் தன் வீட்டுக் கஷ்டம் வரைக்கும் போய்விட்டார். அறிக்கைக்காரர் மேலாளரின் பெயரை நடுவில் செருகிப் பார்த்தார். பழைய வாடகைக்காரரிடம் வீட்டுச் சொந்தக்காரர் பேசுவதுபோல் அண்ணி கனிவாகவும் கறாராகவும் பேசினாள். ஒருவருக்கும் கேட்டது கிடைக்கவில்லை.

இந்தப் பஞ்சாயத்து வீட்டுக்கும் வந்தது. கொழுந்தன் அவர்களோடுதான் இருந்தான். சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளிவிட்டு, "ஊர் முழுக்க ஒரு தெரு விடாம காட்டணும்னா இடம் வேணும் அண்ணி. நீங்க குடுத்த இடத்துல பாதி ஊரு கூடக் கொள்ளாது" என்றான்.

"வண்டி போற பக்கத்த மட்டும் வெச்சுக்க. மிச்சத்தை இறக்கி வை. எதுக்கு ஊரையே தூக்கிச் சுமக்கற?"

"என் மேப்பு என் இஷ்டம்."

"சர்வர் என்னோடது."

நடுவில் உட்கார்ந்திருந்த கணவன் இரண்டு பக்கமும் பார்த்தான். "ஆபீஸ் மெமரிய ஆபீஸ்லயே வெச்சுட்டு வாங்க. இங்க சோறு ஆறுது" என்றான். பிழைக்கத் தெரிந்தவன்.

கொழுந்தன் கோபக்காரனே ஒழிய மக்கு இல்லை. வரைபடத்தைப் பிரித்து எழுதி வரம்புக்குள் அடக்கிவிட்டான். அதற்குப் பிறகு ஒரு நாள் அவளுடைய மேசைப் பக்கம் வந்து நின்றான்.

"எல்லாருக்கும் போட்டாச்சு. காவலுக்கு?"

காவல் என்பது போன் செத்த அந்த நாளுக்குப் பிறகு அண்ணியே எழுதிய செயலி. எந்தச் செயலி எவ்வளவு தின்கிறது என்று சதா கண்காணித்து, சுவரில் இருந்த பெரிய திரையில் கோடு கோடாக வரைந்து காட்டும். ஒவ்வொரு கோட்டுக்கு மேலேயும் அதன் வரம்பு சிவப்பில் ஓடும். அவளுக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

"காவல் செத்துட்டா, வேற எது செத்ததுன்னு யாருக்குத் தெரியும்? அதுக்கு வரம்பு கிடையாது" என்றாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் ஏற்கனவே வேறு வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

மேலாளருக்கு இதில் எல்லாம் நம்பிக்கை வரவில்லை. அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'அப்புறம் சார்'. எதைக் கொண்டுபோனாலும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். வரம்பையும் அப்புறம் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் மேலிடத்து அம்மா நேரில் வந்து பார்க்கப் போவதாகத் தகவல் வந்தது. ஊரில் இருக்கும் எல்லாக் கட்டுப்பாட்டு அறைகளும் அந்த அம்மாவின் கீழேதான் இருந்தன. போன் செத்துப்போன விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அப்புறம் சாருக்கு வியர்த்தது.

"அந்த அம்மா முன்னாடி ஏதாச்சும் விழுந்து வெச்சா என் கதி என்ன ஆகறது? அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வரம்பை எடுத்துடுங்களேன்."

"அன்னிக்குத்தான் இருக்கணும் சார். பிடிச்சிருந்தா எல்லா ரூமுக்கும் இதையே போடச் சொல்லுவாங்க" என்றாள் அண்ணி. "ஒண்ணு செய்யலாம். அன்னிக்குப் போன் ஒரு தடவை கரகரத்தாக்கூட இந்த நாற்காலிய நானே காலி பண்றேன். வரம்பையும் எடுத்துடறேன்."

இதைத் தனியாகச் சொல்லியிருக்கலாம். கண்ணாடித் தடுப்பு திறந்திருந்தபோது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவளுக்கு அந்த நாற்காலி உயிர். அதில் உட்காராத ஒரு வாழ்க்கையை அவள் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் சொன்னாள். தோற்றுப்போவோம் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை.

அந்த அம்மா வந்தது நல்ல வெயில் நேரத்தில். அலங்காரம் எதுவும் இல்லாத மனுஷி. கையில் தண்ணீர் பாட்டில், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். அண்ணி காலையிலேயே வந்து தயாராக இருந்தாள். கோடுகள் வளைந்து நெளிந்து அழகாக ஓட வேண்டும் என்று, நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துக் குறிக்கும் காவலைக் கண்சிமிட்டும் நேரத்துக்கு ஒரு தடவை குறிக்கும்படி மாற்றியிருந்தாள். விடிந்ததில் இருந்து குறித்ததில் ஒன்றையும் தூக்கிப் போடாதே என்றும் சொல்லி வைத்திருந்தாள். பெண் பார்க்க வருகிற வீட்டில் ஜன்னல் திரைச்சீலையை மாற்றுவதுபோல ஒரு சின்ன ஆசைதான்.

அறிக்கைச் செயலி வழக்கம்போல அகலக்கால் வைத்தது. அதன் கோடு சிவப்பைத் தொட்டு, பொத்தென்று விழுந்து, உடனே அடியில் இருந்து மறுபடி ஏறத் தொடங்கியது.

"இப்ப ஒண்ணு விழுந்துச்சு மேடம்" என்றாள் அண்ணி. "அந்தப் பக்கம் பாருங்க. யாருக்காச்சும் தெரிஞ்சுதா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டும் தட்டச்சு செய்துகொண்டும் இருந்தார்கள். ஒரு தலையும் நிமிரவில்லை. அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். அப்புறம் சாருக்கு வாயெல்லாம் பல். அண்ணி கைகட்டி நின்றாள். உள்ளுக்குள் மத்தாப்பு பூத்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் பெரியக்கா கையைத் தூக்கினாள். அழைப்பில் உதவி வேண்டும் என்றால் அவள் செய்கிற சைகை அது. கொழுந்தன் எழுந்து ஓடினான். அந்த அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று அப்புறம் சார் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார்.

ஒரு வயதானவரின் குரல். மனைவி குளியலறையில் விழுந்துவிட்டாள், தலையில் ரத்தம், கூப்பிட்டால் முனகல் மட்டும் வருகிறது. அவர்கள் இருவரும் மகனின் வீட்டுக்கு வந்து சில நாட்கள்தான் ஆகின்றன. மகன் வெளியூரில். அந்த வீட்டின் முகவரி அவருக்குத் தெரியாது.

"பரவால்லய்யா. ஜன்னல்கிட்ட போங்க. வெளிய என்ன தெரியுதோ அதச் சொல்லுங்க" என்றாள் பெரியக்கா, கடைக்குப் போகும்போது என்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்கிற தொனியில்.

"ஒரு தண்ணித் தொட்டி. பெருசு. பெயிண்ட் கடை போர்டு ஒண்ணு, பாதிதான் தெரியுது. தூரத்துல பாலம்."

கொழுந்தன் வரைபடத்தை விரித்தான். தண்ணீர்த் தொட்டி, பெயிண்ட் கடை, பாலம் மூன்றும் சேர்ந்து தெரியும் இடங்களை ஊர் முழுக்கத் தேட ஆரம்பித்தான். வரைபடத்தின் கோடு சுவரில் மளமளவென்று ஏறியது. சிவப்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தாண்டாது. அவன் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறான்.

"பாலத்துல ரயி... போகு... இல்ல அது..."

குரல் விட்டுவிட்டு வந்தது. பெரியக்கா ஹெட்போனைக் காதோடு அழுத்தினாள். "ஐயா, இன்னொரு தடவை சொல்லுங்க."

"ர... ல்... கேக்..."

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. சர்வர் மூச்சுத் திணறுகிறது. நினைவகம் தீரப்போகும்போதுதான் இப்படித் திணறும். ஆனால் சுவரில் எல்லாக் கோடும் சிவப்புக்குக் கீழே, சொன்னபடி கேட்கிற பிள்ளைகளாக ஓடிக்கொண்டிருந்தன.

"மேப்புதான்" என்றார் அப்புறம் சார். "பாருங்க எவ்வளவு உசரத்துல நிக்குது. அத நிறுத்துங்க. இப்பவே நிறுத்துங்க." வாழ்க்கையில் முதல் தடவையாக 'இப்பவே' என்றார்.

அண்ணி தன் மேசைக்கு ஓடினாள். சர்வரின் மொத்தக் கணக்கைக் கேட்டாள். துளியூண்டுதான் மிச்சம். அதுவும் கரைந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இயங்குதளம் தானே ஏதாவது ஒன்றின் கழுத்தைப் பிடிக்கும். சுவரில் தெரிவதில் பெரியது வரைபடம். அது பிடிப்பதற்கு முன் நாமே நிறுத்திவிட்டால் குரலாவது தெளியும். வரைபடத்தை நிறுத்தும் கட்டளையைத் தட்டினாள். விரல் என்டர் மேல் நின்றது.

"அண்ணி." கொழுந்தன் கண்ணாடித் தடுப்பின் அந்தப் பக்கத்தில் இருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குரலில் கோபம் இல்லை. "என் மேப் வரம்புக்குள்ளதான் இருக்கு. நீங்க போட்ட வரம்பு. அத நீங்களே நம்ப மாட்டீங்களா?"

ஒலிபெருக்கியில் அந்தக் கிழவரின் குரல் துண்டு துண்டாக மனைவியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். அந்த அம்மாவும் பார்த்தார்.

அவள் கண்ணை மூடிக் கூட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு வரம்பும் அவளுக்கு மனப்பாடம். எல்லாம் வரம்பை முட்டினால்கூட இடம் மிஞ்ச வேண்டும். அப்படித்தான் அவள் பிரித்துக் கொடுத்தாள். மிஞ்சவில்லை என்றால் வரம்பு இல்லாத ஏதோ ஒன்று தின்கிறது. வரம்பு இல்லாதவை இரண்டே இரண்டு. அழைப்பை வாங்கும் செயலி. அது பாவம், எறும்பு தின்கிற அளவுதான் தின்னும். இன்னொன்று சுவரில் எல்லாருடைய கோட்டையும் வரைகிறது, தன் கோட்டை மட்டும் வரைவதில்லை. காலையில் இருந்து ஒவ்வொரு கண்சிமிட்டலையும் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி வைத்துக்கொள்ளச் சொன்னதே அவள்தான்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மனசு சப்பைக்கட்டு கட்டியது. காவலை நிறுத்தினால் சுவர் இருண்டுவிடும். இந்த அம்மா பார்க்க வந்ததே அந்தச் சுவரைத்தான். வரைபடத்தை நிறுத்தினால் பழி கொழுந்தன் மேல் போகும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இந்த நினைப்பு தனக்குள் வந்ததற்காக அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

தட்டியதை அழித்தாள். காவலின் பெயரை அடித்து, என்டரைத் தட்டினாள்.

சுவர் முழுவதும் கருத்துப்போனது. அறையில் யாரோ 'ஐயோ' என்றார்கள்.

"...யாராச்சும் இருக்கீங்களா? லைன்ல இருக்கீங்களா?"

குரல் தெளிவாக, அழுகையும் மூச்சிரைப்பும் துல்லியமாகக் கேட்கும்படி வந்தது.

"இருக்கேன்யா" என்றாள் பெரியக்கா. "எங்கயும் போகல. பாலத்துல என்ன போகுதுன்னு சொன்னீங்க?"

"ரயிலு. ரயில் போகுதும்மா."

"ரயில் பாலமா?" என்றபடி கொழுந்தன் தட்டினான். வரைபடம் சுருங்கி, ஒரு தெருவில் போய் நின்றது. பெயிண்ட் கடைக்கு எதிரே ஒரே ஒரு அடுக்குமாடிக் கட்டடம். பெரியக்கா பக்கத்து லைனில் வண்டியை அனுப்பிவிட்டு, மாடியின் எந்தத் தளம் என்று கேட்டாள். துணியை மடித்துத் தலையில் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். அம்மா பெயர் என்ன என்று கேட்டாள். வண்டி வந்து சேரும்வரை அவரைப் பேச வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒலிபெருக்கியில் கதவு தட்டும் சத்தமும், "வாங்க, வாங்க, இந்தப் பக்கம்" என்று அவர் ஓடுவதும் கேட்டது. போனை அணைக்கக்கூட மறந்துவிட்டார். பெரியக்காதான் அழைப்பைத் துண்டித்தாள். பிறகு தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் வண்டியில் இருந்து தகவல் வந்தது. தையல் போட வேண்டும், நினைவு இருக்கிறது, பேசுகிறார்.

அண்ணி எழுந்து நின்றாள். அவளைக் காப்பாற்ற யாராவது ஏதாவது சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாக இருந்தது.

"சார், போன் கரகரத்துச்சு. எல்லாரும் கேட்டீங்க. சொன்னது சொன்னதுதான், நாற்காலிய எடுத்துக்குங்க. ஆனா வரம்பை எடுக்கறேன்னு சொன்னேனே, அத மட்டும் செய்ய மாட்டேன். வரம்பு போட்ட எதுவும் இன்னிக்கு யாரையும் தொந்தரவு பண்ணல. போடாம விட்ட ஒண்ணுதான் பண்ணிச்சு. அது நான் எழுதினது. எனக்கு வேண்டியதுங்கறதால விட்டுட்டேன்."

அப்புறம் சார் அந்த அம்மாவைப் பார்த்தார். பதில் அங்கிருந்துதான் வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த அம்மா கருத்துப்போன சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அன்னிக்குப் போன் செத்தப்ப இங்க எல்லாரும் அடுத்தவங்க மேல கையைக் காட்டினீங்கன்னு கேள்விப்பட்டேன். அதனாலதான் நேர்ல வந்தேன்" என்றார். "இன்னிக்கு ஒருத்தராச்சும் தன் மேல காட்டினீங்க. நாற்காலிய எல்லாம் யாரும் எடுத்துக்க வேண்டாம். வரம்பை எல்லா ரூமுக்கும் அனுப்புங்க. அனுப்பறதுக்கு முன்னாடி அந்தக் காவலுக்கும் ஒண்ணு போடுங்க."

அவர் போன பிறகு அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். காவலின் அமைப்பைத் திறந்தாள். வரம்பு என்ற இடத்துக்கு நேரே ஒன்றும் எழுதாமல் காலியாக இருந்தது. எவ்வளவு என்று யோசித்தாள். மனசு தாராளமாக ஒரு எண்ணைச் சொன்னது. அடுத்து அதைவிடத் தாராளமாக இன்னொன்றைச் சொன்னது.

"தம்பி, இங்க வா" என்று கூப்பிட்டு, விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினாள். "நீ போடு."

"எவ்வளவு அண்ணி?"

"நான் சொன்னா அது வரம்பாகாது."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கிண்டல் செய்ய நல்ல சந்தர்ப்பம். அவன் செய்யவில்லை. தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்து, ஒரு எண்ணை அடித்தான். அதை வைத்துக்கொண்டு காவலால் காலையில் நடந்ததை மதியம்வரைகூட ஞாபகம் வைத்திருக்க முடியாது. கோடுகள் இனி படிக்கட்டு மாதிரி கட்டை கட்டையாகத்தான் ஓடும். அழகாக இருக்காது. கண்டிப்பாகப் பத்தாது என்று அண்ணிக்குத் தோன்றியது. வாதாட அவளிடம் பத்துக் காரணங்கள் இருந்தன, பத்தும் நல்ல காரணங்கள்.

ஒன்றையும் சொல்லவில்லை. கையை நீட்டி, என்டரை மட்டும் அவளே தட்டினாள்.